நின்றுகொண்டிருக்கும் வண்டி எப்படி சார் எரியும்?

போன மாதம் இந்தப் பகுதியில் பிளக்-இன் ஹைபிரிட் கார்களைப் பற்றி நாலு வரி எழுதினேன். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, வீட்டில் பிளக் சொருகி சார்ஜ் ஏற்றும் பெரிய பேட்டரியும் உண்டு. இரண்டும் ஒரே வண்டியில். அவ்வளவுதான் எழுதினேன், தபாலும் வாட்ஸ்அப்புமாகக் குவிந்துவிட்டது. சென்னையில் இந்த வகைக் கார்கள் குறைவு. ஆனால் பிள்ளைகள் அமெரிக்காவில் வைத்திருக்கிறார்கள், கவலை மட்டும் நங்கநல்லூரிலும் மாம்பலத்திலும் இருக்கிறது. அதனால் கிளட்ச் தேய்மானம், மைலேஜ் கேள்விகளுக்கெல்லாம் இந்த மாதம் லீவு.

கேள்வி: என் மகன் நியூ ஜெர்சியில் ஜீப் ராங்ளர் ஃபோர்-பை-ஈ வைத்திருக்கிறான். சார்ஜ் போடாதே, வீட்டை ஒட்டி நிறுத்தாதே என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முன்பும் இதே மாதிரி ஒரு கடிதம் வந்து, சர்வீஸ் சென்டரில் சரி செய்து கொடுத்தார்கள். ஓட்டலாமாம், ஆனால் கராஜில் நிறுத்தக் கூடாதாம். நின்றுகொண்டிருக்கும் வண்டி எப்படி சார் எரியும்? அவன் இன்னும் கராஜில்தான் நிறுத்துகிறான். அதற்கு நேர் மேலே பேத்தி தூங்கும் அறை.
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, நங்கநல்லூர்

பதில்: முதலில் மகனுக்குப் போன் போட்டு வண்டியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. மீதியை அப்புறம் படிக்கலாம்.

எடுத்தாயிற்றா? சரி. அந்த வண்டியின் பின் சீட்டுக்கு அடியில் சுமார் 17 கிலோவாட் அவர் லித்தியம் பேட்டரி இருக்கிறது. 96 செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பாசிட்டிவ் தகடும் நெகட்டிவ் தகடும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய படலம் உண்டு, செப்பரேட்டர் என்பார்கள். தயாரிப்பிலேயே அந்தப் படலம் எங்காவது சேதமாகியிருந்தால், என்றைக்கோ ஒருநாள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். ஒரு செல் சூடாகும், அது பக்கத்துச் செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை. சாவி போட்டிருக்கிறதா, இன்ஜின் ஓடுகிறதா என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. பெட்ரோல் டேங்க் ஒழுகினால்கூடப் பற்றுவதற்கு வெளியிலிருந்து ஒரு பொறி வேண்டும். இங்கே எரிபொருளும் தீக்குச்சியும் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன.

சார்ஜ் குறைந்திருந்தால் ஆபத்தும் குறைவு. சார்ஜ் போடாதே என்று கடிதத்தில் சொல்வது அதற்காகத்தான். இதே குழுமத்தின் கிரைஸ்லர் பசிபிகா ஹைபிரிட் வேனில் 2017, 2018 மாடல்களை 2022 பிப்ரவரியில் ரீகால் செய்தார்கள், அதாவது குறையைச் சரி செய்யக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டது. அதுவரை 12 வண்டிகள் எரிந்திருந்தன. பன்னிரண்டும் அணைத்து நிறுத்தி வைத்திருந்தவை, அதில் எட்டு சார்ஜில் இருந்தவை.

ஏற்கெனவே சரி செய்து கொடுத்துவிட்டார்களே என்பதுதான் உங்கள் மகன் பிடித்துக்கொண்டிருக்கும் கொம்பு என்று நினைக்கிறேன். இந்த ஜீப்பின் கதையை வரிசையாகப் பாருங்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 32,000 ராங்ளர்களைக் கூப்பிட்டார்கள். 2024-ல் கிராண்ட் செரோக்கியையும் சேர்த்து 1,54,032. பேட்டரி சரியில்லை என்றால் கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள் போட்டார்கள், தவறிய பேட்டரியை மாற்றினார்கள். 2025 நவம்பரில் மறுபடியும் ரீகால். இந்தத் தடவை 3,20,065 வண்டிகள், 19 தீ விபத்துகள். முன்பு சரி செய்யப்பட்ட வண்டிகளும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆக, பழைய ரசீதைக் காட்டிக்கொண்டு கராஜில் நிறுத்துவதற்கு நியாயமே கிடையாது. மூன்று லட்சத்தில் பத்தொன்பதுதானே என்று உங்கள் மகன் கணக்குச் சொல்வார். மாடியில் யாரும் தூங்கவில்லை என்றால் நானும் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வேன்.

அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் தட்டிப் பார்க்கட்டும். எந்தெந்த ரீகால் பாக்கி என்று உடனே காட்டும். (அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாக இருந்தால் அது பூஜ்யம். போனில் படித்துச் சொல்லும் அப்பாக்கள் கவனிக்க.) புதிய தீர்வு வரும்வரை பெட்ரோலில் ஓட்டட்டும், திறந்த வெளியில் நிறுத்தட்டும். மாற்று வண்டி தருவீர்களா என்று டீலரிடம் எழுத்தில் கேட்கட்டும். வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்பார்கள்.

கேள்வி: நாங்கள் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் வாங்கியிருக்கிறோம். உங்கள் கட்டுரையைப் படித்த என் மாமியார் அதில் ஏற மாட்டேன் என்கிறார்.
– இல்லத்தரசி, முகப்பேர்

பதில்: மாமியாரைத் தாராளமாக ஏறச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் பிளக் சொருகும் துவாரமே கிடையாது. அது தனக்குத் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஹைபிரிட். பேட்டரியும் சின்னது, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. மேலே சொன்ன லித்தியம் பேட்டரியின் குணம் அதற்கு இல்லை. வண்டிக்குள் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தை மட்டும் பையையும் போர்வையையும் வைத்து அடைக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, நான் அடையாறில் ஒரு வீட்டில் டிரைவர். முதலாளி வண்டி வால்வோ எக்ஸ்சி 90 பிளக்-இன். மலை இறங்கும்போது 'பி' மோடில் போட்டால் பிரேக் மொத்தமாகப் போய்விடும் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதம் கொடைக்கானல் போகிறோம். உண்மையா?
– டிரைவர், அடையாறு

பதில்: தம்பி, ஸ்டாண்டில் பேசுவதில் பாதிதான் வழக்கமாக உண்மை. இது கிட்டத்தட்ட முழுக்க உண்மை.

2025 ஜூனில் அமெரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்ட வால்வோ வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தார்கள். அதில் எக்ஸ்சி 90, எக்ஸ்சி 60 பிளக்-இன்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட மென்பொருள் அப்டேட் ஏறிய வண்டியில், 'பி' மோடில் (பெடலை விட்டாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும் நிலை) வைத்து, பெடல் எதையும் தொடாமல் குறைந்தது 1 நிமிடம் 40 விநாடி இறக்கத்தில் உருண்டு வந்தால், அதன்பின் பிரேக்கை மிதித்தாலும் பிடிக்காமல் போகலாம். காரணம் பிரேக் பேடும் இல்லை, ஆயிலும் இல்லை. பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் உள்ள குறை. தீர்வும் மென்பொருள்தான். அதைப் போடும்வரை 'பி' மோடைத் தொடாதே என்று ஓட்டுபவர்களை எச்சரித்தார்கள்.

வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது அந்த 1 நிமிடம் 40 விநாடி சாதாரணமாகக் கடந்துவிடும், தெரியும்தானே. உன் வண்டி எந்த வருடம் என்று எழுதவில்லை. அந்த அறிவிப்பு அமெரிக்காவுக்கானது என்றாலும், கிளம்புவதற்கு முன் சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடு. உள்ளே இருக்கும் மென்பொருள் எந்தப் பதிப்பு, பிரேக் சம்பந்தமான அப்டேட் பாக்கி இருக்கிறதா என்று ஜாப் கார்டில் எழுதி வாங்கு. முதலாளி செலவைப் பற்றிப் பேசினால், ரீகால் வேலைக்குக் காசு கிடையாது என்று சொல். பதில் கிடைக்கவில்லையா, சாதாரண 'டி'-யில் வைத்து, பிரேக்கை அவ்வப்போது தொட்டுத் தொட்டு இறங்கு. பழைய அம்பாசடரில் மலை இறங்கிய ஆள் யாராவது பின் சீட்டிலிருந்து நியூட்ரலில் விடு, பெட்ரோல் மிச்சம் என்பார். அதைக் காதில் வாங்காதே.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் பிளக்-இன் ஹைபிரிட் வாங்கி, ஸ்டில்ட் பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட் கேட்கிறார். பாதிப் பேர் கூடவே கூடாது என்கிறார்கள். பொதுக்குழுவில் கைகலப்பு மட்டும்தான் பாக்கி. செயலாளராக நான் என்ன முடிவெடுப்பது?
– சங்கச் செயலாளர், பெருங்குடி

பதில்: தடை போடாதீர்கள். நிபந்தனை போடுங்கள்.

உங்கள் ஸ்டில்ட்டில் இப்போதே என்ன நடக்கிறது என்று ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் இறங்கிப் பாருங்கள். முதல் மாடிப் பால்கனியிலிருந்து ஒரு ஒயர் தொங்கும். அதன் முனையில் ஜங்ஷன் பாக்ஸ், அதில் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர். ஸ்கூட்டர் நிற்கும் இடம் பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே, ஈ.பி. மீட்டர் பெட்டிகளை ஒட்டி. அதாவது, தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழியில். நான் பார்த்த அடுக்குமாடிகளில் பாதி இப்படித்தான். அதை விட்டுவிட்டு, முறையாக அனுமதி கேட்கும் மனிதரோடு சண்டை போடுகிறோம்.

அவருக்கு அவருடைய மீட்டரிலிருந்தே தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். லோடு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த். ஜங்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்கும் கூடாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கட்டு, லிப்ட், ஜெனரேட்டர் டீசல், கேஸ் சிலிண்டர் வைக்கும் இடம் இவற்றிலிருந்து தள்ளி, கூடுமானவரை திறந்த ஓரமாக அவருக்கு இடம் ஒதுக்குங்கள். யாராவது பக்கத்து ஆள் விட்டுக்கொடுத்து இடம் மாற வேண்டியிருக்கும். கைகலப்பு அங்கேதான் வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முக்கியமான நிபந்தனை இன்னொன்று. அவர் வண்டிக்கு "வெளியே நிறுத்து" என்று எப்போது ரீகால் வந்தாலும் அன்றே சங்கத்துக்குச் சொல்ல வேண்டும், வண்டி வெளியே போக வேண்டும். இதில் அவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ரீகால் என்பது எப்போதோ வரும் விஷயம் இல்லை. பிஎம்டபிள்யூ 2020-ல் உலகம் முழுக்க சுமார் 26,700 பிளக்-இன்களைக் கூப்பிட்டது. பேட்டரி செல் செய்யும்போது உள்ளே அழுக்குத் துகள் புகுந்துவிட்டது என்று. அதே 2020-ல் ஐரோப்பாவில் ஃபோர்டு கூகா பிளக்-இன் சுமார் 20,000 வண்டிகளுக்கு, சார்ஜ் போடாதீர்கள் என்று சொல்லி விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள்.

பார்க்கிங்கில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டர் இந்தத் தீயை அணைக்காது. புகையும் விஷம். வண்டியின் அடியிலிருந்து வெள்ளைப் புகையோ பட்பட் சத்தமோ வந்தால் 101-க்குச் சொல்லிவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள், வாட்ச்மேனை வாளியோடு அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஹைபிரிட் பேட்டரி புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்குமா?
– மெக்கானிக், கொருக்குப்பேட்டை

பதில்: புதுப்பேட்டையில் என்னதான் கிடைக்காது? நானே அங்கே கழற்றிய கியர்பாக்ஸ் வாங்கிப் பூட்டி, வண்டி ஜம்மென்று ஓடியிருக்கிறது. பேட்டரி மட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் அடிபட்ட வண்டியிலிருந்து வருவது. 2011-ல் அமெரிக்க அரசு செவர்லே வோல்ட் பிளக்-இன் ஒன்றைப் பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிட்டுச் சோதித்தது. வண்டி அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. சுமார் மூன்று வாரம் கழித்து, சோதனைக்கூட வாசலில் சும்மா நின்றபோது எரிந்தது. பக்கத்து வண்டிகளையும் சேர்த்து. மோதலில் பேட்டரி சேதமாகிக் கூலன்ட் ஒழுகியதுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். உங்கள் ஷெட்டில் மூன்று வாரம் கழித்து என்ன நடக்கும் என்று எந்த வியாபாரியும் உத்தரவாதம் தர மாட்டார். அப்புறம், ஆரஞ்சு நிற ஒயர் போட்ட எதையும் அதற்கான பயிற்சியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். 300 வோல்ட்டுக்கு மேலும் போகும், அதுவும் டி.சி.

கேள்வி: வேளச்சேரியில் மழை என்றாலே வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறோம். பாலத்தில் இடம் கிடைக்காமல் ஹைபிரிட் வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஷாக் அடிக்குமா, எரியுமா?
– வேளச்சேரி வாசகி

பதில்: ஷாக் பயம் அதிகம் வேண்டாம். பெரிய பேட்டரியின் மின்சாரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் தொடர்பே இல்லாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். வண்டியை அணைத்தால் பேட்டரிக்குள்ளேயே இணைப்பு துண்டாகிவிடும்.

தீ வேறு விஷயம், அதில் உப்புத் தண்ணீர்தான் வில்லன். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது அமெரிக்காவில் நெவார்க் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த ஃபிஸ்கர் கர்மா என்ற பிளக்-இன் கார்கள் கடல்நீரில் மூழ்கின, 16 எரிந்தன. பெரிய பேட்டரி காரணம் இல்லை, 12 வோல்ட்டில் ஓடும் ஒரு கன்ட்ரோல் பெட்டியில் உப்பு ஏறி ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கம்பெனி சொன்னது. வேளச்சேரித் தண்ணீர் கடல்நீர் இல்லை. சாக்கடை கலந்த ஏரித் தண்ணீர், அதுவும் ஒயருக்கு நல்லதில்லை. எண்ணூர், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனம்.

மூழ்கிய வண்டியை வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது, காய்ந்துவிட்டதே என்று சார்ஜ் போடுவது இரண்டும் கூடாது. நாலு சக்கரமும் தரையில் படாத மாதிரி பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். அதுவரை கட்டடத்திலிருந்து 50 அடியாவது தள்ளி நிற்கட்டும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அறிவுரை. வேளச்சேரியில் 50 அடி காலி இடமா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. பள்ளி மைதானமோ காலி மனையோ, முடிந்த அளவு தள்ளி.

கேள்வி: அமெரிக்காவில் புகார் கொடுத்தால் ரீகால் வருகிறது. இங்கே நாம் கத்தினால் யார் கேட்கிறார்கள்?
– ஐ.டி. ஊழியர், அம்பத்தூர்

பதில்: கத்தினால் கேட்க மாட்டார்கள். எழுதினால் கேட்கச் சட்டம் இருக்கிறது.

2012 முதல் நம் நாட்டில் கம்பெனிகள் தாங்களாக முன்வந்து ரீகால் செய்வது நடக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஒரே மாடலுக்கு, அதன் விற்பனைக்கு ஏற்ப நிர்ணயித்த எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அரசு விசாரித்து, ரீகாலுக்கு உத்தரவிடலாம். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. புகாரை வாகன் தளத்தில் பதிய வழி இருக்கிறது. வண்டிகளைச் சோதிக்கும் அரசு மையம் ஒன்று நம் ஒரகடத்திலேயே இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தம். எண்ணிக்கை சேர்ந்தால்தான் அசைவோம் என்பது லட்சக்கணக்கில் விற்கும் வண்டிக்குச் சரி. பிளக்-இன் மாதிரி சொற்பமாக விற்கும் வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வண்டிக்கு வயதாகிவிடும். அதற்காகச் சும்மா இருக்கவும் முடியாது. 2022 மார்ச்சில் நம் மணலி பக்கம் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ரோட்டோரம் எரிந்தது நினைவிருக்கும். அதே மாதம் புனேயிலும் வேலூரிலும். அந்த ஏப்ரலில் மூன்று கம்பெனிகள் 1,441, 3,215, 2,000 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டன. பேட்டரி விதிகளும் அதன்பின் இறுகின.

உங்கள் புகாரில் கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். சேசிஸ் நம்பர், தேதி, கிலோமீட்டர், அப்போது சார்ஜ் எத்தனை சதவீதம், ஓடியதா நின்றதா பிளக்கில் இருந்ததா, டாஷ்போர்டில் எரிந்த விளக்கின் போட்டோ. சர்வீஸுக்கு விடும்போது "சார்ஜ் போடும்போது கருகல் வாடை" என்று நீங்கள் சொல்வீர்கள், ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுதுவார்கள். கிண்டியில் என் பட்டறைக்கு வரும் வாடிக்கையாளர்கள் காட்டும் காகிதங்களில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உங்கள் வார்த்தை அப்படியே அதில் ஏறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய பிளக்-இன் ஹைபிரிட் சொகுசுக் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ரீகால் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
– பல்லாவரம் வாசகர்

பதில்: ரீகால் வந்த வண்டி என்பதற்காக ஒதுக்க வேண்டாம், வேலை முடிந்த வண்டி, முடியாத வண்டி என்றுதான் நான் பிரிப்பேன். சேசிஸ் நம்பரை வாங்கி, புரோக்கர் இல்லாமல் நீங்களே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், எந்த ரீகால் எந்தத் தேதியில் முடிந்தது, மென்பொருள் மட்டும் போட்டார்களா பேட்டரியையே மாற்றினார்களா என்று கேளுங்கள். பேட்டரியின் இன்சுலேஷன் சோதனை அறிக்கையையும், வாரன்டி முடிந்திருந்தால் புது பேட்டரியின் விலையையும் கேளுங்கள். அந்த விலையைக் கேட்ட பிறகும் கார் மலிவாகத் தெரிந்தால் வாங்கலாம். சேசிஸ் நம்பர் தருவதற்கே புரோக்கர் யோசித்தால், வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்ச் சந்தைக்குப் போய்ப் பத்து பூந்தொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.